மூடுபனியில் இறங்கும் இராணுவ விமானம்: ஸ்மோலென்ஸ்க் விபத்தில் உண்மையில் என்ன நடந்தது?

இராணுவ விமானம் ஒன்று மூடுபனியில் ஓடுபாதையை எட்டுவதற்கு முன்பே விழுந்து நொறுங்கியது என்று செய்தி வந்தால், சில மணி நேரத்துக்குள் மூன்று விளக்கங்கள் கிளம்பிவிடும். ஒருவர் விமானியின் தவறு என்பார். இன்னொருவர் இயந்திரக் கோளாறு என்பார். பெரிய மனிதர் யாராவது அதில் இருந்துவிட்டால் மூன்றாமவர் சதி என்பார். கருப்புப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

இத்தகைய விபத்துகளில் "மூடுபனியால் விழுந்தது" என்ற வாக்கியமே பாதி உண்மைதான். மூடுபனியில் உலகெங்கும் நாள்தோறும் விமானங்கள் இறங்குகின்றன. இறங்க முடியாதவை வேறு ஊருக்குப் போய்விடுகின்றன. எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த உயரத்தில் "போதும், மேலே ஏறு" என்று முடிவெடுத்திருக்க வேண்டும், அந்த முடிவு ஏன் எடுக்கப்படவில்லை?

இதை விளக்க 2010-இல் நடந்த ஸ்மோலென்ஸ்க் விபத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இரண்டு நாடுகள் விசாரித்த விபத்து அது. விமானி அறையின் கடைசி நிமிடப் பேச்சு எழுத்தில் கிடைக்கிறது. அப்படியிருந்தும் இன்றுவரை அதைப் பற்றிய குழப்பம் தீரவில்லை.

நடந்தது என்ன?

1940-இல் சோவியத் இரகசியப் போலீஸ் ஏறத்தாழ 22,000 போலந்து இராணுவ அதிகாரிகளையும் மற்றவர்களையும் கொன்றது. அந்தப் படுகொலைகளின் அடையாளமாகிவிட்ட இடம், மேற்கு ரஷ்யாவில் ஸ்மோலென்ஸ்க் நகருக்கு அருகிலுள்ள கத்தின் காடு. அதன் எழுபதாம் ஆண்டு நினைவு நிகழ்ச்சிக்காக 2010 ஏப்ரல் 10 அன்று போலந்து அதிபர் லேக் கச்சின்ஸ்கி வார்சாவிலிருந்து புறப்பட்டார். போலந்து விமானப்படையின் 36-ஆவது சிறப்புப் படைப்பிரிவைச் சேர்ந்த டி.யு.-154எம் விமானம் அது. சோவியத் வடிவமைப்பு, மூன்று என்ஜின்கள், வால் எண் 101.

மாஸ்கோ நேரப்படி காலை 10.41 மணிக்கு, ஸ்மோலென்ஸ்க் வடக்கு விமானதளத்தின் ஓடுபாதைக்கு ஒரு கிலோமீட்டருக்குள், விமானம் மரங்களில் மோதித் தலைகீழாகப் புரண்டு விழுந்தது. பயணிகள் 88 பேர், விமானப் பணியாளர்கள் 8 பேர், ஆக மொத்தம் 96 பேரும் இறந்தார்கள். அதிபரும் அவர் மனைவியும், முப்படைத் தலைமைத் தளபதி, விமானப்படைத் தளபதி, மத்திய வங்கித் தலைவர் என்று ஒரு நாட்டின் தலைமையில் பெரும்பகுதி ஒரே விபத்தில் போயிற்று.

கண்ணுக்குத் தெரியாத ஓடுபாதைக்கு எப்படி வழி கண்டுபிடிப்பது?

மேகத்துக்குள் இறங்கும் விமானிக்கு மூன்று விவரங்கள் தேவை. ஓடுபாதையின் நேர்கோட்டில் இருக்கிறேனா? ஓடுபாதைக்கு இன்னும் எவ்வளவு தூரம்? இந்தத் தூரத்தில் எனக்கு இருக்க வேண்டிய உயரம் இருக்கிறதா? கிடைக்கும் கருவிகளைப் பொறுத்து இந்தப் பதில்களின் தரம் மாறும்.

1. ஐ.எல்.எஸ்.: ஓடுபாதையிலிருந்து இரண்டு ரேடியோ கற்றைகள் அனுப்பப்படுகின்றன. ஒன்று இடம்-வலம் காட்டும். மற்றொன்று மேல்-கீழ் காட்டும். இதன் எளிய வகையிலேயே 60 மீட்டர் உயரம் வரை ஓடுபாதையைப் பார்க்காமல் இறங்கலாம். உயர்ந்த வகை இருந்தால் விமானம் தானாகவே தரையைத் தொட்டுவிடும். டில்லியில் ஜனவரிப் பனியில் விமானங்கள் இறங்குவது இந்த உயர்வகைக் கருவிகளால்தான். அதற்கும் ஓடுபாதையிலும் விமானத்திலும் உரிய கருவிகள் வேண்டும், விமானிக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும்.

2. தரை ரேடார்: கீழே இருக்கும் கட்டுப்பாட்டாளர் திரையில் விமானத்தைப் பார்த்து, "பாதையில் இருக்கிறீர்கள்", "பாதைக்கு மேலே இருக்கிறீர்கள்" என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இறக்குவார். இராணுவத் தளங்களில் வழக்கமான முறை. துல்லியம் ரேடாரின் தரத்தையும் அவருடைய திறமையையும் பொறுத்தது.

3. ரேடியோ பீக்கன்: "நான் இங்கே இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லும் கருவி. திசை தெரியும், உயரம் தெரியாது. உயரத்தை விமானிதான் கணக்குப் போட்டுக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

ஸ்மோலென்ஸ்க் வடக்கில் ஐ.எல்.எஸ். இல்லை. அங்கிருந்த இராணுவப் போக்குவரத்துப் படைப்பிரிவு 2009-இலேயே போய்விட்டது. தளம் ஏறத்தாழக் கைவிடப்பட்ட நிலையில் இருந்தது. இருந்தவை இரண்டு பீக்கன்களும் ஒரு பழைய ரேடாரும். அதிபர் போவதற்குச் சரியாக மூன்று நாள்களுக்கு முன், ஏப்ரல் 7 அன்று, அதே ஓடுபாதையில் பிரதமர் டொனால்ட் டுஸ்க்கின் விமானம் சிரமமின்றி இறங்கியது. அன்று வானம் தெளிவாக இருந்தது. நல்ல வெயிலில் எந்தத் தளமும் நல்ல தளம்தான்.

மினிமா: எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் எண்

ஒவ்வொரு ஓடுபாதைக்கும், ஒவ்வொரு அணுகுமுறைக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வகுக்கப்பட்டிருக்கும். விமானிகள் அதை மினிமா என்பார்கள். அதில் இரண்டு எண்கள்: மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், கிடைமட்டமாக எவ்வளவு தூரம் தெரிய வேண்டும். ஸ்மோலென்ஸ்க்கில் அது 100 மீட்டர் மேக உயரம், 1,000 மீட்டர் பார்வைத் தூரம்.

இதன் நடைமுறைப் பொருள் இதுதான். 100 மீட்டர் உயரத்துக்கு வந்ததும் விமானி வெளியே பார்க்கிறார். ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் என்ஜின்களுக்கு முழு விசை கொடுத்து மேலே ஏறிவிட வேண்டும். இன்னும் பத்து மீட்டர் இறங்கிப் பார்ப்போமே என்பதற்கு அதில் இடமில்லை. அந்த 100 மீட்டர் பேரம் பேசுவதற்கான தொடக்க விலையன்று. கனமான ஜெட் விமானம், ஏறு என்று சொன்ன நொடியில் ஏறாது. என்ஜின் வேகம் பிடிப்பதற்குள், மூக்கு உயர்வதற்குள், இன்னும் சில பத்து மீட்டர் சரிந்துவிடும். அந்தச் சரிவுக்கும் சேர்த்துத்தான் வரம்பு வகுக்கப்படுகிறது.

அன்று காலை நிலைமை என்ன? மேகத்தின் அடிப்பகுதி 50 மீட்டருக்கும் கீழே. பார்வைத் தூரம் முதலில் 400 மீட்டர், பிறகு 200. பார்வைத் தூரம் மினிமாவில் கால்வாசிகூட இல்லை.

இங்கே ஒரு மயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மூடுபனியில் நேர் கீழே பார்த்தால் மரமும் நிலமும் சில சமயம் மங்கலாகத் தெரியும். பனிப் படலத்தின் தடிமன் அந்தத் திசையில் குறைவு. முன்னால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அங்கே அதே பனியை நீளவாக்கில் ஊடுருவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. "கீழே தெரிகிறதே, ஓடுபாதையும் வந்துவிடும்" என்ற நம்பிக்கை இதில் பிறப்பதுதான்.

அன்று அந்தத் தளத்தில் மூன்று விமானங்கள் இறங்க முயன்றன. பத்திரிகையாளர்களை ஏற்றி வந்த போலந்து யாக்-40, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முன்பு, அப்போதே வரம்புக்குக் கீழே போயிருந்த வானிலையில் இறங்கிவிட்டது. அடுத்து ரஷ்யாவின் ஐ.எல்.-76 இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு மாஸ்கோவுக்குத் திரும்பிவிட்டது. மூன்றாவது அதிபரின் விமானம். முதல் விமானம் விதியை மீறி நல்லபடியாக இறங்கியதுதான், என் கணிப்பில், அன்று நடந்த முதல் கெடுதல். தரையில் நின்ற யாக்-40 விமானி, நிலைமை மோசம் என்று வானொலியில் சொன்னார். முயன்று பார்க்கலாம் என்றும் சொன்னார்.

இரண்டு உயரமானிகள், இரண்டு பதில்கள்

விபத்தின் நடு முடிச்சு இங்கே இருக்கிறது. விமானத்தில் உயரம் அளக்க இரண்டு வகைக் கருவிகள் உண்டு. இரண்டும் ஒன்றையே அளப்பதாக வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறோம்.

முதலாவது காற்றழுத்த உயரமானி. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும் என்பதை வைத்து உயரத்தைக் கணிக்கும். ஆனால் அழுத்தம் வானிலைக்கு ஏற்ப மாறும். ஆகவே இறங்கும்போது அந்தத் தளத்தின் அன்றைய அழுத்தத்தைக் கருவியில் திருகி வைக்க வேண்டும். ரஷ்ய இராணுவ முறைப்படி ஓடுபாதை மட்டத்து அழுத்தத்தை வைப்பார்கள். அப்போது ஓடுபாதையைத் தொட்டதும் கருவி பூஜ்யம் காட்டும்.

அன்று கட்டுப்பாட்டாளர் கொடுத்த அளவு 745 மில்லிமீட்டர் பாதரசம். உயரப் பறக்கும்போது எல்லா விமானங்களும் வைத்துக்கொள்ளும் பொது அளவு 760. இரண்டுக்கும் வேறுபாடு 15. தரைக்கு அருகில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 11 மீட்டர் என்று கொண்டால் 165 மீட்டர் வருகிறது. அதாவது கருவியைத் தவறாகப் பொது அளவில் வைத்திருந்தால், நீங்கள் தரையில் நிற்கும்போது அது 165 மீட்டர் உயரத்தில் இருப்பதாகச் சொல்லும். தலைமை விமானியின் மின்னணு உயரமானி, கடைசிக் கட்டத்தில் இப்படிப் பொது அளவுக்கு மாற்றப்பட்டிருந்தது. விசாரணை கண்ட வேறுபாடு 168 மீட்டர். விமானி அறையில் இருந்த மற்றக் காற்றழுத்த உயரமானிகள் சரியாகவே இருந்தன.

இரண்டாவது ரேடியோ உயரமானி. விமானத்தின் அடியிலிருந்து அலையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரம் சொல்லும். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி ஆழம் பார்ப்பது போல. இதில் பிழை மிகக் குறைவு. ஆனால் அது சொல்வது அந்தக் கணத்தில் நேர் கீழே இருக்கும் தரைக்கு எவ்வளவு தூரம் என்பதை மட்டுமே. முன்னால் இருக்கும் ஓடுபாதை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஸ்மோலென்ஸ்க் ஓடுபாதைக்கு முன்னால் நிலம் சமமாக இல்லை. ஓடுபாதை மட்டத்தைவிடச் சுமார் 60 மீட்டர் தாழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று குறுக்கே கிடக்கிறது. அதைத் தாண்டியதும் நிலம் மறுபடி ஓடுபாதையை நோக்கி மேடேறும். எனவே சரிவான பாதையில் இறங்கும் விமானம் பள்ளத்தின் மேல் வரும்போது, விமானமும் கீழே போகிறது, நிலமும் கீழே போகிறது. ரேடியோ உயரமானியின் முள் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். பள்ளம் முடிந்ததும் நிலம் எதிர்கொண்டு எழும். முள் மளமளவென்று விழும்.

விமானி அறையின் ஒலிப்பதிவில் கேட்பது அப்படியே இதுதான். உயரங்களை வாசித்துக்கொண்டிருந்த நேவிகேட்டர் "100" என்கிறார். சில நொடிகள் கழித்து மறுபடியும் "100". பிறகு ஏழெட்டு நொடிகளுக்குள் 90, 80, 60, 50, 40, 30, 20. அவர் வாசித்தது ரேடியோ உயரமானியை. இரண்டாவது முறை "100" என்றபோது, ஓடுபாதை மட்டத்திலிருந்து கணக்கிட்டால் விமானம் சுமார் 40 மீட்டர் அளவிலேயே இருந்தது. வரம்பை எப்போதோ கடந்துவிட்டிருந்தார்கள். காதில் விழுந்ததோ வரம்பின் எண்.

பீக்கன்களை வைத்து இறங்கும்போது காற்றழுத்த உயரமானியைத்தான் வாசிக்க வேண்டும் என்பது பாடநூல் விதி. அது வெறும் சம்பிரதாயமல்ல என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கே சாட்சி.

கடைசி நிமிடங்கள், வரிசைப்படி

1. இறங்கத் தொடங்கும்போதே விமானம் உரிய சரிவுப் பாதைக்கு மேலே இருந்தது. ஈடுகட்ட வேகமாக இறங்க வேண்டியதாயிற்று.

2. அந்த வேகத்துக்கு உரிய இறக்கம் நொடிக்குச் சுமார் 3.5 மீட்டர். அவர்கள் இறங்கியது நொடிக்கு 7 முதல் 8 மீட்டர். இரு மடங்கு.

3. "100 மீட்டரிலிருந்து மேலே ஏறத் தயாராக இருங்கள்" என்று கட்டுப்பாட்டாளர் சொல்லியிருந்தார். தலைமை விமானி அதை ஏற்றுப் பதில் சொன்னார்.

4. இரண்டாவது "100"-ஐ ஒட்டி, மேலே போகிறோம் என்று தலைமை விமானி சொன்னதாகப் போலந்தின் விசாரணைக் குழு முடிவு செய்தது. துணை விமானியும் மேலே போவோம் என்கிறார். ஆனால் சில நொடிகளுக்கு விமானம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. தானியங்கியில் உள்ள "மேலேறு" பொத்தானை விமானி அழுத்தியிருக்கலாம், ஐ.எல்.எஸ். இல்லாத தளத்தில் அந்தப் பொத்தான் வேலை செய்யாது என்பது அக்குழுவின் கணிப்பு. அதே வகையைச் சேர்ந்த 102 எண் விமானத்தில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள்.

5. பிறகே கையால் இழுக்கிறார்கள். ஓடுபாதைக்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் முன்னால் முதல் மரத்தின் உச்சி உரசுகிறது. அப்போது விமானம் ஓடுபாதை மட்டத்தைவிடவே சுமார் 15 மீட்டர் தாழ்ந்திருந்தது.

6. ஓடுபாதை முனைக்கு 855 மீட்டர் முன்னால், தரையிலிருந்து ஐந்து மீட்டர் அளவு உயரத்தில், இடது இறக்கை ஒரு பெரிய பிர்ச் மரத்தில் மோதுகிறது. இறக்கையின் நுனிப் பகுதி ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளத்துக்கு முறிகிறது. ஒரு பக்கம் தூக்கும் விசை போனதும் விமானம் புரண்டு தலைகீழாக விழுகிறது.

போலந்தில் இந்த மரத்தைச் சுற்றியே ஆண்டுக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. ஒரு பிர்ச் மரத்தால் விமானத்தின் இறக்கையை முறிக்க முடியுமா என்பார்கள். நொடிக்கு 75 மீட்டர் வேகத்தில் போகும் மெல்லிய உலோக இறக்கை, முப்பது நாற்பது சென்டிமீட்டர் தடிமனான அடிமரத்தில் மோதினால் என்ன ஆகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சரியான சரிவுப் பாதையில் வந்திருந்தால் அந்த இடத்தில் விமானம் ஓடுபாதை மட்டத்துக்கு மேல் 40 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருந்திருக்க வேண்டும். மரம் உறுதியானதா என்ற கேள்வியைவிட, மர உயரத்தில் அந்த விமானத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி முக்கியமானது.

எச்சரிக்கைக் கருவி என்ன செய்தது?

விமானத்தில் தரை மோதல் எச்சரிக்கைக் கருவி இருந்தது; வேலையும் செய்தது. முன்னால் நிலம் இருக்கிறது என்றும், மேலே இழு என்றும் கடைசி ஒரு நிமிடத்தில் மீண்டும் மீண்டும் கூவியது. பிறகு ஏன் அசையவில்லை?

இத்தகைய கருவியில் விமான நிலையங்களின் பட்டியல் இருக்கும். பட்டியலில் உள்ள ஓடுபாதையை நெருங்கினால், இது வழக்கமான தரையிறக்கம் என்று அறிந்து அமைதியாக இருக்கும். ஸ்மோலென்ஸ்க் வடக்கு அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே எவ்வளவு ஒழுங்காக இறங்கினாலும் அது கூவத்தான் செய்யும். கூவும் என்று முன்பே தெரிந்த கருவியை மனிதக் காது விரைவில் ஒதுக்கிவிடுகிறது. தலைமை விமானியின் உயரமானி பொது அளவுக்கு மாற்றப்பட்டதும் இதனால்தான் என்று விசாரணை கருதியது: விமானம் உண்மையைவிட 168 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கருவி நம்பிவிட்டால் எச்சரிக்கை கொஞ்சம் ஓயும். பாதுகாப்புக் கருவி ஒன்றைச் சமாளிக்க மற்றொன்றைக் கெடுத்த கதை.

தரையில் இருந்தவர்களின் பங்கு

ரேடார் முன் இருந்த ரஷ்யக் கட்டுப்பாட்டாளர், விமானம் சரியான பாதையில் இல்லாதபோதும் "திசையிலும் சரிவிலும் சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சரிவுப் பாதைக்கு மேலே இருந்தபோதும் அதே சொல், கீழே போனபோதும் அதே சொல். கிடைமட்டமாகப் பற என்ற கட்டளை வந்தபோது நேரம் கடந்துவிட்டது. போலந்து அறிக்கை இதை வலியுறுத்தியது. ரஷ்யத் தரப்பின் அறிக்கை இதை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டது. என் பார்வையில் போலந்தின் குற்றச்சாட்டு நியாயமானது. விபத்தின் முதன்மைக் காரணத்தை அது மாற்றிவிடவில்லை என்பதும் உண்மை. வரம்புக்குக் கீழே போகும்படி யாரும் சொல்லவில்லை.

மொழிச் சிக்கலும் இருந்தது. கட்டுப்பாட்டாளருடன் பேச்சு ரஷ்ய மொழியில். விமானி அறையில் அதைத் திறமையாகப் பேசக்கூடியவர் தலைமை விமானியே. ஆகவே மூடுபனியில் விமானத்தை ஓட்டிக்கொண்டே வானொலிப் பேச்சையும் அவரே கவனித்தார். அது வழக்கமாக இன்னொருவர் பார்க்கும் வேலை. ரஷ்ய வழிகாட்டி ஒருவரை விமானத்தில் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்தப் பயணத்தில் அப்படி ஒருவர் இல்லை.

இராணுவ விமானம் என்பதால் என்ன வேறுபாடு?

இதே விமானம், இதே பனி, பயணிகள் விமான நிறுவனம் ஒன்றின் குழு என்றால் அவர்கள் இந்த அணுகுமுறையையே தொடங்கியிருக்க மாட்டார்கள் என்று சொல்லத் துணியலாம். காரணங்கள் பல, எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை.

முதலில் பயணி. கேட்டது தளபதியாக இருந்தால் விமானிக்கு மறுப்பது கடினம். 2008 ஆகஸ்டில் ஜார்ஜியா போரின்போது இதே அதிபர் கச்சின்ஸ்கி திபிலிசியில் இறங்க விரும்பினார்; பாதுகாப்பில்லை என்று தலைமை விமானி மறுத்து, அண்டை நாடான அஜர்பைஜானின் கஞ்சா நகரில் இறக்கினார். அதிபர் கோபப்பட்டார், அரசியல்வாதிகள் விமானியைக் கோழை என்கிற அளவுக்குப் பேசினார்கள். அந்தப் பயணத்தில் துணை விமானியாக இருந்தவரே ஸ்மோலென்ஸ்க்கில் தலைமை விமானி. அந்த நினைவு அன்று அவர் மனத்தில் என்ன செய்தது என்பதை எந்தக் கருப்புப் பெட்டியும் சொல்லாது. ஆனால் ஒலிப்பதிவில் ஒன்று இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் நெறிமுறைத் தலைவரிடம், இந்தப் பனியில் இறங்க முடியாது, ஒரு முறை முயல்வோம், பெரும்பாலும் பலிக்காது என்ற பொருளில் அவர் சொல்கிறார். அடுத்து என்ன செய்வது என்று அதிபர் இன்னும் முடிவு செய்யவில்லை என்று சற்று நேரத்தில் பதில் வருகிறது. யாரும் "இறங்கு" என்று கட்டளை போடவில்லை. "இறங்காதே" என்றும் யாரும் சொல்லவில்லை. எங்கே இறங்குவது என்பது பயணி முடிவு செய்ய வேண்டிய விஷயமாக எப்போது ஆனதோ, அப்போதே வரிசை தலைகீழாகிவிட்டது.

விமானப்படைத் தளபதி விமானி அறையில் நின்றார், அது அழுத்தமாயிற்று என்று ரஷ்யத் தரப்பு அறிக்கை பெரிதுபடுத்தியது. ஒலிப்பதிவில் உள்ள குரல் அவருடையதுதானா என்பதில் போலந்து நிபுணர்களிடையே பின்னர் ஒருமித்த கருத்து இல்லை. அதை வைத்துக் கதை கட்டாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது பயிற்சி. அந்தப் படைப்பிரிவிலிருந்து அனுபவமிக்க விமானிகள் பலர் வெளியேறியிருந்தார்கள். டி.யு.-154-க்கான சிமுலேட்டர் பயிற்சி நிறுத்தப்பட்டிருந்தது. மோசமான வானிலையில் ஒரு குழுவாக எப்படிப் பணியாற்றுவது, யார் எதை வாசிப்பது, எந்த எண்ணில் யார் குரல் கொடுப்பது என்ற ஒத்திகை இல்லை. வரம்பு உயரத்தில் "மேலே போவோம்" என்று துணை விமானி சொன்னால், தலைமை விமானியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கக் கூடாது என்பதெல்லாம் பழக்கத்தில் வரவேண்டியவை; நெருக்கடியில் யோசித்துச் செய்பவை அல்ல.

மூன்றாவது, எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. 2008 ஜனவரி 23 அன்று போலந்து விமானப்படையின் காசா சி-295 விமானம் மிரோஸ்லாவியெத்ஸ் தளத்தில் மோசமான வானிலையில் தரையிறங்கும்போது விழுந்து 20 பேர் இறந்தார்கள். அதில் தரை மோதல் எச்சரிக்கை அணைக்கப்பட்டே இருந்தது. இறந்தவர்கள் வார்சாவில் விமானப் பாதுகாப்பு மாநாட்டில் கலந்துகொண்டு திரும்பிய அதிகாரிகள். சிலர் பதவி நீக்கப்பட்டார்கள், பரிந்துரைகள் எழுதப்பட்டன. ஸ்மோலென்ஸ்க் வரை இரண்டே கால் ஆண்டுகள் இருந்தன.

மாற்றுத் தளம் ஒன்றைத் திட்டத்தில் எழுத வேண்டும் என்பது அடிப்படை விதி. பெலாரூஸின் மின்ஸ்க்கும் வித்தெப்ஸ்க்கும் எழுதப்பட்டிருந்தன. வித்தெப்ஸ்க் விமான நிலையத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. ஏப்ரல் 10 சனிக்கிழமை. ஆனால் இதை வைத்து வேறு வழியில்லாமல் இறங்கினார்கள் என்று சொல்ல முடியாது. தொட்டியில் 11 டன் எரிபொருள் இருப்பதாக விமானக் குழுவே தெரிவித்தது. மின்ஸ்க்கோ மாஸ்கோவோ போக அது போதும்.

குன்னூரை இதனுடன் ஒப்பிடலாமா?

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் போன எம்.ஐ.-17வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரும் உயிரிழந்ததைத் தமிழ் வாசகர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதிலும் பெரிய மனிதர், அதிலும் சதிப் பேச்சு. விமானப்படை விசாரணை இயந்திரக் கோளாறையும் சதியையும் மறுத்தது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்து, விமானிக்குத் திசை உணர்வு தப்பியதே காரணம் என்றது.

இரண்டு விபத்துகளும் ஒரே தொழில்நுட்ப வகை: நல்ல நிலையில் உள்ள வானூர்தி, விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, அவர் உணராமல் நிலத்தில் மோதுவது. ஆனால் ஒப்புமை அத்தோடு முடிகிறது. குன்னூரில் மேகம் திடீரென்று சூழ்ந்தது. ஸ்மோலென்ஸ்க்கில் பனி இருப்பது அரை மணி நேரம் முன்பே எல்லாருக்கும் தெரியும்.

யார் விசாரித்தார்கள், என்ன சொன்னார்கள்?

1944-இன் சிகாகோ உடன்படிக்கை பயணிகள் விமானங்களுக்கானது. இராணுவ, அரசு விமானங்கள் அதில் அடங்கா என்று அதன் மூன்றாம் பிரிவே சொல்கிறது. ஆகவே வேறொரு நாட்டில் விழுந்த இராணுவ விமானத்தை யார் விசாரிப்பது என்பதற்குத் தயாராக ஒரு விதி இல்லை. பயணிகள் விமான விதிமுறையையே பின்பற்றலாம் என்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. அதனால் விசாரணையின் தலைமை மாஸ்கோவில் உள்ள நாடுகளுக்கிடை விமானப் போக்குவரத்துக் குழுவுக்குப் போயிற்று. போலந்தில் பிற்பாடு எழுந்த கசப்பில் பெரும்பங்கு இந்த ஒப்புதலைப் பற்றியது.

மாஸ்கோ அறிக்கை 2011 ஜனவரியில் வந்தது. பழி முழுவதும் விமானக் குழுவுக்கும் அவர்கள் மேலிருந்த அழுத்தத்துக்கும். போலந்து அரசின் குழு 2011 ஜூலை 29 அன்று தன் அறிக்கையை வெளியிட்டது. நிலம் கண்ணுக்குத் தெரியாத வானிலையில், வரம்பு உயரத்துக்குக் கீழே, மிகை வேகத்தில் இறங்கியதும், மேலே ஏறத் தாமதித்ததும் நேரடிக் காரணம் என்றது. படைப்பிரிவின் பயிற்சிக் குறைகளையும் ரஷ்யத் தரையின் தவறுகளையும் துணைக் காரணங்களாக அடுக்கியது. தன் நாட்டின் மீதே பழி வைக்கும் அறிக்கையை ஓர் அரசு வெளியிடுவது எளிதல்ல என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஆட்சி மாறியது. முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் அந்தோனி மச்சேரேவிச் தலைமையிலான துணைக்குழு விமானத்தில் வெடிப்பு நடந்ததாக 2022-இல் அறிவித்தது. 2023 டிசம்பரில் அடுத்த ஆட்சி அந்தத் துணைக்குழுவைக் கலைத்தது. விமானத்தின் சிதைவுகளை ரஷ்யா திருப்பித் தராதது சந்தேகத்துக்குத் தொடர்ந்து தீனி போடுகிறது. ஆனால் வெடிப்பு என்று கொண்டாலும், 100 மீட்டர் வரம்பைக் கடந்து அவர்கள் ஏன் இறங்கினார்கள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பிறகு என்ன மாறியது?

அறிக்கை வெளியான நாளிலேயே பாதுகாப்பு அமைச்சர் போக்தான் கிலிச் பதவி விலகினார். சில நாள்களில் 36-ஆவது படைப்பிரிவைக் கலைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. எஞ்சியிருந்த 102 எண் டி.யு.-154-உம் சேவையிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த பல ஆண்டுகளுக்குப் போலந்தின் அதிபர்களும் பிரதமர்களும் லாட் விமான நிறுவனத்தின் எம்ப்ரேயர் 175 விமானங்களை வாடகைக்கு எடுத்துப் பறந்தார்கள். அவற்றை ஓட்டியவர்கள் படைவீரர்கள் அல்லர்; பயணிகள் விமான விதிகளுக்கு உட்பட்ட நிறுவன விமானிகள். வானிலை வரம்புக்குக் கீழே போனால் வேறு ஊரில் இறக்குவதற்கு அவர்கள் பின்னால் அமர்ந்திருப்பவரின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.